கடலூர், பாண்டிப் பக்கம் கோடை வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "பாண்டிக்கு வரலாம்னு இருக்கோம், எங்கெங்க போகலாம்?" கடலூர்க்காரனாக ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் கோடைக்காலத்தில் எங்கே போகிறீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியேதான் வரும்.

கத்திரி வெயிலில் வரலாமா? குழந்தைகள் தாங்குமா?

வரலாம். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை போகும். அந்த நாட்களில் காலை 10 மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. ஆனால் எங்களுக்குக் கடல் காற்று என்று ஒன்று இருக்கிறது. பகலில் தரை சூடேறி அங்குள்ள காற்று மேலே எழும்பும்போது, கடல்மேல் இருக்கிற குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு உள்ளே வரும். பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டி "காத்து திரும்பிடுச்சு" என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள். அதன்பிறகு கரையோரத்தில் வெக்கை குறையும். பண்ருட்டி, விழுப்புரத்துக்கு அந்தக் காற்று போய்ச் சேர நேரமாகும்.

மேல்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடல் காற்றை அது உள்ளே விடாது. மே கடைசியிலும் ஜூனிலும் இப்படி அடிக்கடி நடக்கும். மதியம் 2 மணிக்கும் மரம் அசையவில்லை, அல்லது காற்று மேற்கிலிருந்து அனலாக வருகிறது என்றால் அன்றைக்கு மாலைத் திட்டத்தை 5 மணிக்கு மேல் தள்ளிவையுங்கள்.

ஆகவே நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலிலிருந்து 9 மணி வரை வெளியே. 11-லிருந்து 4 வரை கூரைக்கடியிலோ மர நிழலிலோ. 4 மணிக்கு மேல் மறுபடியும் வெளியே. மதியம் சாப்பிட்டுத் தூங்குவதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள். தூங்கி எழுந்த பிள்ளைகள்தான் இரவு 8 மணி வரை கடற்கரையில் ஓடி விளையாடும்.

பாண்டிக் கடற்கரையில் ஏன் மணலே இல்லை? கல்தானே இருக்கிறது?

சின்னப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இது. பதில் கொஞ்சம் வருத்தமானது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். அதனால் மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் போகிற மணலுக்கு ஈடாக மறுபக்கத்திலிருந்து மணல் வந்து சேரும். 1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் போட்டார்கள். மணல் அங்கேயே நின்றுபோனது. வடக்கே போனது போய்க்கொண்டிருக்க, புதிதாக எதுவும் வரவில்லை. நகரத்தின் கரை அரிக்கப்பட்டு, காக்கக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் வடக்கே இருக்கிற மீனவக் குப்பங்கள் இன்றைக்கும் வீடு இழந்துகொண்டிருக்கின்றன.

பின்னர் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் மூழ்கிய திட்டு ஒன்றை அமைத்தார்கள். 2018 வாக்கில் அங்கே மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. இப்போது மாலையில் பிள்ளைகள் ஓடுவது அந்த மணலில்தான். காந்தி சிலைப் பக்கம் நின்று வடக்கேயும் தெற்கேயும் பார்த்தால் கல்லும் மணலும் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

இந்தக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பலரும் மாலையில் மட்டும் போய்க் கூட்டத்தில் நசுங்குகிறார்கள். நான் சொல்வது விடியற்காலை. மே மாதத்தில் 5.45 வாக்கில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். சாலை முழுவதும் காலியாக இருக்கும். 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிட்டு 7 மணிக்கு இட்லிக்குப் போய்விடலாம்.

எங்கேதான் குளிப்பது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கெஞ்சித்தான் பதில் சொல்வேன். பாண்டியிலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் இந்தக் கடல் ஏமாற்றும். ஒவ்வொரு கோடையிலும் வெளியூர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் கல்லூரி வயதுப் பையன்கள், இங்கே உயிரை விடுகிறார்கள்.

கரைக்கு வருகிற தண்ணீர் திரும்பிப் போவதற்கு ஒரு வழி வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தால் அதன் வழியே வேகமாகத் திரும்பும். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை நுரையாக இருக்கும், நடுவில் ஓர் இடம் மட்டும் அலை இல்லாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். "இங்க அலை கம்மியா இருக்கு" என்று எல்லோரும் இறங்குவது அந்த இடத்தில்தான். இழுப்பதும் அதே இடம்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர் கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

ஆற்று முகத்துவாரங்களில் இறங்கவே கூடாது. தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே தென்பெண்ணை கலக்கிற தாழங்குடா, பாண்டியில் சுண்ணாம்பாறு கலக்கிற இடம் எல்லாமே அப்படித்தான். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும். வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரிடம் "இங்க இறங்கலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கால் நனைக்கிற ஆசைக்கு சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போகலாம். கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கிறது. காலையில் திறந்ததும் போனால் வரிசை குறைவு.

நடுப்பகலில் பாண்டியில் என்ன செய்வது?

பாரதி பூங்காவில் மரநிழல் உண்டு. நடுவில் இருக்கிற வெள்ளை நிற ஆயி மண்டபத்துக்கு ஒரு கதை சொல்வார்கள்: ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று. முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபின், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. தண்ணீர் தந்தவளின் பெயரில் ஊரின் நடுவில் ஒரு மண்டபம் நிற்பது எனக்குப் பெருமையான விஷயம்.

பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு. 1908-லிருந்து 1918 வரை அவர் பாண்டியில் இருந்தார். வெளியேறி வந்தபோது கடலூர் எல்லையில் பிடித்து, சில வாரங்கள் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவகமாக இருக்கிறது. இரண்டு வீடுகளும் நடக்கிற தூரம். தமிழ் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் தவறவிடாதீர்கள்.

1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா பேருந்து நிலையத்திலிருந்து பக்கம். பெரிய மரங்கள், உட்கார இடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். துணிமணி முதல் பாத்திரம் வரை பேரம் பேசி வாங்கலாம். வெயிலில் அல்ல, மாலையில்.

கடலூரில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லோரும் தாண்டித்தானே போகிறார்கள்?

தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதில் நீளமாக வருகிறது.

மாலை 4.30-க்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச். ஊருக்குள்ளிருந்து ஆட்டோவில் சில நிமிடம். அகலமான, உண்மையான மணல். மாங்காய் பத்தை, சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மீன் வறுவல். உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு பாய் விரித்து உட்காருகிற கடற்கரை இது. பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. இது கிழக்குக் கரை என்பதால் முழு நிலா பொழுது சாயும் நேரத்தில் கடலிலிருந்தே எழும்பும். முதலில் செம்மண் நிறத்தில் ஒரு விளிம்பு தெரியும். சில நிமிடங்களில் முழு வட்டமும் தண்ணீரை விட்டு மேலே வந்து மஞ்சளாகி வெளுக்கும். சித்ரா பௌர்ணமி அன்று கரை நிறையக் கூட்டம் இருக்கும்.

பீச்சுக்குப் பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் ஆங்கிலேயர் இதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு. அப்படிக் கிடைத்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபின் 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. சென்னைக்குப் பதிலாக நம் ஊர் தலைமையிடமாக இருந்த இடம் என்று தெரிந்து பார்த்தால் செங்கல் சுவருக்கும் ஒரு மதிப்பு வரும்.

காலை நேரத்துக்கு அப்பர் வழித்தடம் ஒன்று சொல்கிறேன். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயிலில் தொடங்குங்கள். அங்கேதான் தமக்கை திலகவதியார் திருநீறு தர, அவருடைய சூலை நோய் தீர்ந்தது. பின்னர் பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது, கல் மிதந்து கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படுவது கடலூர் கரையேறவிட்டகுப்பம். கரையேறியவர் நேரே போய் வணங்கியது திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரை. ஊர்ப் பெயரிலேயே கதை இருக்கிறது. சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஒரு பெரிய வாழ்க்கையின் மூன்று இடங்கள். நண்பகலுக்கு முன் முடிந்துவிடும்.

வயதான அம்மா அப்பாவோடு வருகிறோம். எது தோது?

திருவந்திபுரம். கடலூரிலிருந்து சில கிலோமீட்டர், கெடிலம் ஆற்றங்கரை. தேவநாதப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே ஔஷதகிரி என்ற சின்னக் குன்றில் ஹயக்ரீவர், 74 படி. மூட்டு வலி இருப்பவர்கள் கீழே கோயிலிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். அந்தக் குன்றில் ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும், வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

பிச்சாவரத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலையில், முடிந்தவரை முதல் படகுகளிலேயே. சிதம்பரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் கிழக்கே, கிள்ளையைத் தாண்டி. சனி, ஞாயிறு 10 மணிக்கு மேல் போனால் டிக்கெட் வரிசையிலேயே வெயில் மண்டையைப் பிளந்துவிடும்.

மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகை எடுங்கள். சின்னக் கால்வாய்களுக்குள் அதுதான் போகும். உள்ளே போனதும் இரண்டு பக்கக் கிளைகளும் மேலே ஒன்றுசேர்ந்து பந்தல் போட்டதுபோல் இருக்கும், வெயில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீரில் விழும். வேர்களைக் கவனியுங்கள். சுரபுன்னையின் முட்டு வேர்கள் தண்டிலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அவை வெளியே வந்து மூச்சு விடுகின்றன. வெண்கண்டல் இலையில் வெள்ளைத் துகளாக உப்பு படிந்திருப்பதும் தெரியும். உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

பார்ப்பதோடு நிறுத்துங்கள், பறிக்காதீர்கள். இங்கே தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வையையே பாதிக்கும். குழந்தைகள் கை நீட்டிக் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், அகன்ற நீர்ப்பரப்பில் நிழலே கிடையாது.

பாண்டி, பிச்சாவரம், சிதம்பரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

முயற்சி செய்கிறவர்கள் உண்டு. பாண்டியிலிருந்து கிளம்பி பிச்சாவரம் சேரும்போது வெயில் ஏறிவிடும், படகு முடித்துச் சிதம்பரம் வந்தால் நண்பகலில் நடராசர் கோயில் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் திறக்கும்வரை காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிதம்பரத்தில் முந்தின இரவே தங்கி, காலையில் பிச்சாவரம், மதியம் ஓய்வு, மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நிறைவாக இருக்கும். பாண்டிக்கு வேறு ஒரு வாரம் வாருங்கள்.

வடலூர் போகலாமா?

தாராளமாக. 1867 வைகாசியில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. பசியோடு வருகிற யாருக்கும் சோறு உண்டு. தொடங்கிய நாளான வைகாசி 11 கோடை விடுமுறையில்தான் வரும். எண்கோண வடிவ சத்திய ஞான சபைக்குள் புலால் தவிர்த்தவர்கள் மட்டுமே போக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. மற்றவர்கள் வெளியிலிருந்து வணங்கலாம். அதை மதித்து நடங்கள். சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்தால் இலையில் மீதம் வைக்காதீர்கள். சுற்றியிருக்கிற வெட்டவெளி பகலில் கொதிக்கும், எனவே காலையிலேயே போங்கள்.

மீன் சாப்பிடத்தான் வருகிறோம். எங்கே நல்லது?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன், காலம் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் நேரம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடலூர் துறைமுகத்தில் அவை வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம், வலை பின்னுவதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான் நடக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும். ஆகவே அந்த இரண்டு மாதத்தில் பெரிய வஞ்சிரத் துண்டு தட்டில் வந்தால், அது ஐஸில் வெகுதூரம் பயணம் செய்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும்.

"இன்னைக்கு என்ன கரை வந்துச்சு?" என்று கேட்டு நெத்திலி, மத்தி, சங்கரா, நண்டு என்று கிடைப்பதைச் சாப்பிடுங்கள். விலையும் குறைவு, ருசியும் அதில்தான். விலை ஏறியிருக்கிறதே என்று மீன் விற்கும் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவர்கள் வீட்டில் வருமானம் சுருங்கிய மாதங்கள் அவை.

பண்ருட்டி பலாப்பழம் எப்படிப் பார்த்து வாங்குவது?

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பண்ருட்டிச் சாலையோரம் எங்கும் குவித்திருப்பார்கள். முள் நெருக்கமாகக் கூர்மையாக இருந்தால் காய். முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும். தட்டினால் கடக்கென்று கேட்காமல் தொம்மென்று கேட்கும். வாசனை தானே வரும். முழுப்பழம் தூக்க முடியாதவர்கள் சுளையாக வாங்கலாம், ஆனால் கண்முன்னே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டுவதானால் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள், கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள். அதே கடைகளில் முந்திரியும் கிடைக்கும்.

நுங்கு மே மாதம் எங்கும் உண்டு. பதநீர் வேண்டுமானால் காலை 8 மணிக்குள்.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அறிவுப்பூர்வமாக எதாவது?

திருவக்கரை. பாண்டியிலிருந்து வடமேற்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையும் வரியும் அப்படியே தெரியும், தட்டினால் கல். அவை புதைந்திருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் கடலூர் மணற்கல். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். நிழல் குறைவு, காலை 9-க்குள் முடித்துவிடுங்கள்.

அரிக்கமேடும் சொல்வார்கள். ரோமானியரோடு வணிகம் நடந்த துறை, 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். போனால் மாந்தோப்பும் ஆற்றங்கரையும் பழைய செங்கல் சுவரும்தான் இருக்கும். முதலில் பாண்டி அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த மணிகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

ஆரோவில்லில் மாத்ரிமந்திர் உள்ளே போக முடியுமா?

அது தியானத்துக்கான இடம். அன்றைக்கே போய் உள்ளே நுழைய முடியாது, முன்பதிவு வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்குப் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு தருவார்கள். கொஞ்சம் நடக்க வேண்டும், ஆனால் பாதை மரநிழலில் போகும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் வறண்ட செம்மண் மேடு. இன்றைய காடு மனிதர்கள் நட்டு வளர்த்தது.

கோடையில் திருவிழா ஏதும் உண்டா?

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடிப்பார், இன்றும் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரருக்கும் வைகாசியில்தான் பெருவிழா. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டியிலிருந்து கடலூருக்கு ரயில் உண்டா?

நேரடி ரயில் கிடையாது. பாண்டிப் பாதை விழுப்புரத்தோடு சேர்கிறது, கடலூர் வேறு பாதையில் இருக்கிறது. சுமார் 22 கிலோமீட்டர்தான், அடிக்கடி பஸ் இருக்கிறது. ரயிலில் கடலூர் வருகிறவர்கள் நிலையத்தைக் கவனியுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர், துறைமுகச் சந்திப்பு பழைய டவுன் பக்கம்.

பாண்டியிலிருந்து பாட்டில் கொண்டுவரலாமா?

கூடாது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், வழக்கும் வரும். பாண்டி எல்லை ஒரே கோடாக இருக்காது. பாகூர் போய் வரும்போதே இரண்டு மூன்று முறை மாநிலம் மாறிவிடும். "தெரியாது" என்பது அங்கே எடுபடாது. குடித்துவிட்டுக் கடலில் இறங்க நினைத்தால், கடலின் இழுப்பு பற்றி மேலே எழுதியதை மறுபடி படியுங்கள்.

அறை வாடகை வார இறுதியில் தலை சுற்றுகிறதே?

சென்னையும் பெங்களூரும் வெள்ளி இரவே பாண்டிக்குக் கிளம்பிவிடும், அதுதான் காரணம். முடிந்தால் ஞாயிறு மதியம் வந்து செவ்வாய் கிளம்புங்கள். இல்லையென்றால் கடலூரிலோ சிதம்பரத்திலோ தங்கி, பாண்டிக்கு விடியற்காலை பஸ் பிடியுங்கள். ஞாயிறு மாலை 4 முதல் இரவு 9 வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கி வண்டி நகராது. அந்த நேரத்தைச் சாலையில் கழிப்பதற்குப் பதில் இரவுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிட்டு 9 மணிக்கு மேல் கிளம்புங்கள், அல்லது திங்கள் விடிய 4 மணிக்கு.